கொடிக்கு வாங்கி வந்த சாராயம்

எங்கள் வீட்டில் சாராயம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அது" என்றுதான் சொல்வோம். "அது இருந்த காலத்துல" என்று என் வீட்டுக்காரர் பேச்சை ஆரம்பித்தால், குடித்துத் திரிந்த நாட்களைப் பற்றிப் பேசப் போகிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டுக்குள் அரைப் போத்தலுக்கும் மேலே சாராயத்தை முந்தானையில் மூடிக்கொண்டு வந்து வைத்தவள் வேறு யாருமில்லை, நானேதான்.

இலங்கையில் கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, தாலாட்டி, மூக்குத் துடைத்துவிடுகிற வேலை. அவர் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டித் தளிர்க்க வைப்பதில் தோட்டத்திலேயே பெயர் எடுத்தவர். குடிப்பதிலும் அதே அளவுக்குப் பெயர் எடுத்திருந்தார். கடைசியில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தபோது, டொக்டர் அம்மா என்னை வெளியே கூப்பிட்டு, இன்னொரு முறை குடித்தால் இங்கே கொண்டுவந்து பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

சத்தியம் செய்வது ஒரு நிமிச வேலை. அதற்குப் பிறகு வருகிற சாயங்காலங்கள்தான் பாடாய்ப் படுத்தும். வேலை விட்டு வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்து முடித்தால், அதற்குமேல் அந்த மனிதனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. கையைப் பிசைவார். வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பார். நான் சோறு ஆக்குகிற சாக்கில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு பேஷன் பழக் கன்றைக் கொண்டுவந்து வாசலோரம் நட்டார். பழைய குழாய், கம்பி, உடைந்த கூரைத் தகரத்துச் சட்டம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பந்தல் போட்டார். கொடி ஏறியது. நாங்கள் குடியிருக்கிற காம்பராவின் வாசலை மூடி, பக்கத்துக் காம்பரா அக்காவின் வாசலையும் மூடி, லயம் என்கிற அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான பைப்புக்கு மேலேயும் படர்ந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் நிழலில் நின்று ஊர்க்கதை பேசினார்கள். சாயங்காலமானால் அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, கொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். என்னைவிட அதைத்தான் அதிகம் தொடுகிறார் என்றுகூட ஒரு நாள் சொல்லிக் காட்டினேன். சிரித்தார். எனக்குப் பொறாமையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கொடியைக் கையெடுத்துக் கும்பிட்டாலும் தகும் என்றுதான் இருந்தேன்.

போன மழைக்கு முந்திய மழையில் கொடிக்கு நோய் வந்தது. மழை விட்டால் பனிமூட்டம், மூட்டம் விட்டால் மழை என்று இலை காயவே நேரமில்லாத நாட்கள். முதலில் இலையில் பழுப்பாகச் சின்னப் பொட்டுகள். பிறகு அந்தப் பொட்டு பெருத்து, வட்டம் வட்டமாகி, இலை உதிர ஆரம்பித்தது. காய்களிலும் அதே பொட்டு. பொட்டு விழுந்த இடம் குழிந்து, காய் சுருங்கி, பழுக்காமலே பொத்துப் பொத்தென்று பைப்படியில் விழுந்தது. காலையில் நான் வாசல் கூட்டினால் விளக்குமாற்றுக்கு முன்னால் காய்கள்தான் உருண்டன.

அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஸ்டூலில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார். ஒரு சாயங்காலம் மறுபடியும் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடி செத்தால் என் புருசனும் போய்விடுவார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்லலாம். அந்தச் சாயங்காலங்களில் அவரோடு இருந்து பார்த்தவள் நான்.

பூஞ்சண மருந்து அடித்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கே தெரியும். ஆனால் பந்தலுக்குக் கீழே லயமே தண்ணீர் பிடிக்கிறது. பிள்ளைக்காம்பராவை விட்டு வருகிற வாண்டுகள் விழுந்த பழத்தை எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டு அப்படியே உறிஞ்சுகின்றன. "புள்ளைக வாய்க்குப் போற எடத்துல நான் மருந்து அடிக்க மாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த நேரம் மாதர் சங்கக் கூட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியை ஒருத்தி வந்தாள். சிங்களப் பிள்ளை, வயது குறைவு, தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். கூட்டம் முடிந்ததும் கையோடு இழுத்துக்கொண்டு வந்து கொடியைக் காட்டினேன். இலையைத் திருப்பிப் பார்த்தாள். பூஞ்சணம்தான் என்றாள். நோய் விழுந்ததை எல்லாம் வெட்டி எரிக்கச் சொன்னாள். பிறகு அவள் கண் எங்கள் காம்பராச் சுவரில் நின்றது. அங்கே கல்லிடுக்கில் கொசுத்தேனீக் கூடு ஒன்று நெடுநாளாக இருக்கிறது. கொட்டத் தெரியாத, எறும்பு அளவுத் தேனீ. சுவரிலிருந்து விரல் மாதிரி ஒரு மெழுகுக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் வாசல்.

"இந்தப் பூச்சி மரப் பால் எல்லாம் கொண்டுவந்து பிசின் செய்யுது" என்றாள். "கூட்டுக்குள்ள பூஞ்சணம் வராம இருக்க அதைப் பூசுது. அதைக் கரைச்சு கொடிக்கும் அடிக்கலாம். சில இடத்துல செய்யுறாங்க. நோய் வந்த இலை நல்லா வராது, புதுசா வர்ற காய்க்கு உதவும். அதுவும் சும்மா சொல்ல மாட்டேன், செஞ்சு பார்க்கணும்."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். நெடுநாளைக்குப் பிறகு முகத்தில் வெளிச்சம். "தண்ணியில கரைக்கணுமா, மிஸ்?"

"தண்ணில கரையாது. சாராயத்துல போட்டு வைக்கணும். ரெண்டு கிழமை மாதிரி. ஒவ்வொரு நாளும் குலுக்கணும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போடலாமா என்று நான் அவசரமாகக் கேட்டேன். வாய்க்குப் போகிற சாமானுக்கு அது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருப்பாள், பாவம்.

அவள் போன பிறகு, "கொடி போனா போகுது புள்ள" என்றார் அவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கொடியைக் காப்பாற்றினால் அவர் தப்புவார். கொடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எதிலிருந்து அவரைத் தப்ப வைத்தேனோ அதையே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பாலைக் கலக்கும்போதும் இதே யோசனை, குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் இதே யோசனை. பெரகலைச் சாராயக் கடையில் பெண்களுக்கு விற்க மாட்டார்கள். யாராவது ஆம்பளையை அனுப்பினால், அவன் திரும்பி வருவதற்கு முன்னாலேயே "அந்தாளு மறுபடி தொடங்கிட்டான்" என்று லயமெல்லாம் சேதி போய்விடும். அவரையே அனுப்புவதை நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் முனியாண்டி பூசை வந்தது. தேயிலை மலைக்கு மேலே, பெரிய மரத்தடியில் முனி இருக்கிறார். வருசத்துக்கு ஒரு முறை சேவல் அறுத்து, சுருட்டு வைத்து, சாராயம் படைத்து, பூசை முடிந்ததும் படைத்ததை ஆம்பளைகள் அங்கேயே பங்கு போட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. முனிக்குப் படைத்ததைப் பெண்கள் தொடுவதில்லை, அந்தப் பக்கம் போவதுமில்லை. சத்தியம் செய்ததிலிருந்து என் வீட்டுக்காரரும் போவதில்லை. ஆனால் அவர் பங்கு என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது? அது எனக்கு உறைத்ததும், கையிலிருந்த பால் போத்தலைக் கீழே வைத்துவிட்டேன்.

பூசை முடிந்து புகை அடங்குகிற நேரமாகப் பார்த்து மலை ஏறினேன். மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, "பூசாரி மாமா" என்று கூப்பிட்டேன். ஆம்பளைகள் தலையெல்லாம் என் பக்கம் திரும்பியது.

பூசாரி மாமா வயசாளி. இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "என்னா தாயி, இங்கெல்லாம் வரலாமா?"

"எங்க வீட்டுப் பங்கு வாங்க வந்தேன் மாமா."

"சோறா, கறியா?"

"அது."

அவர் முகம் கறுத்தது. "மறுபடியும் தொடங்கிட்டானா?"

"ஐயோ, இல்ல மாமா." கொடி, பொட்டு, தேனீ, பிசின் என்று எல்லாவற்றையும் தலைகால் தெரியாமல் கொட்டினேன். மேலே நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். பூசாரி மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது.

"முனிக்குப் படைச்சத பொம்பள கையில குடுக்குற வழக்கம் இல்லியே" என்று தாடையைச் சொறிந்தார். "ஆனா குடிக்கப் போறது நீ இல்ல. கொடி." என் பக்கம் குனிந்தார். "அந்தக் கொடி ஆம்பளையா, பொம்பளையா?"

"நல்லா சண்டித்தனம் பண்ணுது மாமா. ஆம்பளையாத்தான் இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே போய், ஒரு போத்தலை எடுத்துவந்தார். ஒரு பங்கு என்றால் ஒரு கிளாசில் பாதிகூட வராது. அவர் கொண்டுவந்ததில் அரைப் போத்தலுக்கு மேலேயே இருந்தது.

"இது கூட இருக்கே மாமா."

"சத்தியம் பண்ணதுல இருந்து ஒன் வீட்டுக்காரன் வாங்காம விட்ட பங்கெல்லாம் சேத்துக் குடுக்கிறேன். முனிக்குக் கணக்குத் தெரியும். கொண்டு போ."

நான் அழுதுகொண்டே மலை இறங்கினேன். பாதையில் பார்த்தவர்கள் புருசன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

அவரிடம் போத்தலைக் காட்டவில்லை, வாங்கி வந்ததாக மட்டும் சொன்னேன். எங்கே, எப்படி என்று கேட்டார். சொன்னேன். "முனிகிட்டயே போய்ச் சண்ட போட்டியா?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சுவரில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லை மெல்லப் பெயர்த்து எடுத்தார். உள்ளே தேன் குமிழ்களும் புழு அறைகளும் இருந்தன, அவற்றை விட்டுவிட்டு ஓரத்தில் தடித்திருந்த கறுப்புப் பிசினை மட்டும் கத்தி நுனியால் சுரண்டினார். தேனீக்கள் அவர் தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடித்தன. "கொஞ்சந்தான், கொஞ்சந்தான், கோவிச்சுக்காதீங்க" என்று குழந்தைகளிடம் நான் பேசுகிற மாதிரியே பேசினார். பிறகு கல்லைத் திருப்பி வைத்து, குழைத்த களிமண்ணால் பூசிவிட்டார். பிசின் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதைப் பக்கத்துக் காம்பரா அக்காவின் பிரிட்ஜில் வைத்து, இறுகியதும் துணியில் சுற்றித் தட்டிப் பொடியாக்கி, போத்தலுக்குள் போட்டேன்.

போத்தலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

"ஒளிச்சு வைக்காத புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எங்க இருக்குன்னு தெரியாட்டி தேடச் சொல்லும். கண்ணு முன்னால வை. குலுக்குறது நான் குலுக்குறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்தேன்.

வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியில் சுற்றி ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும், விடிகாலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், கவ்வாத்துக் கத்தியை எடுக்கிற கையாலேயே அதை எடுப்பார். குலுக்குவார். துணியை விலக்கி நிறம் பார்ப்பார். திரும்ப வைப்பார். நான் அடுப்பு ஊதுகிற மாதிரி குனிந்து, அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் போன பிறகு ஓடிப் போய் மூடியைத் தொட்டுப் பார்ப்பேன். நான் தொடுவது அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

சாயங்காலங்களில் நோய் விழுந்த கிளைகளையெல்லாம் வெட்டினார். தேயிலைக்குச் செய்கிற கவ்வாத்தையே பந்தலுக்கும் செய்தார். வெட்டியதைச் சுமந்துபோய்த் தூரத்தில் எரித்தார். பந்தல் மொட்டையடித்த மாதிரி நின்றது. ஆனால் காற்றும் வெயிலும் உள்ளே வந்தன.

அதற்கிடையில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் இறந்துபோனார். அது இருந்த காலத்தில் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து குடித்தவர். அவருக்கும் அதே வயிறு வீக்கம், அதே மஞ்சள். எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் போத்தல் இல்லாமல் இருக்காது. குழி வெட்டப் போகிறவர்களுக்கே முதலில் அதைத்தான் ஊற்றுவார்கள். என் வீட்டுக்காரரும் குழி வெட்டப் போனார். போகாதீங்க என்று எப்படிச் சொல்வது?

பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. மண் அப்பிய மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. ரேடியோவுக்குப் பக்கத்தில் கறுப்புத் துணி மட்டும் கிடந்தது. போத்தல் இல்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். பின்கதவைத் தள்ளினேன். அங்கே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் போத்தல். மூடி திறந்து தொடையில் கிடந்தது. கண்ணீர் தாடியில் வழிந்துகொண்டிருந்தது.

என் கண் முதலில் போத்தலில் இருந்த அளவுக்குத்தான் போனது.

"மோந்து மட்டுந்தான் பாத்தேன்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. "அங்க எல்லாரும் ஊத்திக் குடுத்தாங்க. வேணாம்னு கைய மூடிக்கிட்டேன். இங்க வந்து, தனியா இருக்கையில, கைய மூட முடியல." போத்தலை என் பக்கம் நீட்டினார். "நீயும் மோந்து பாரு."

வாங்கி மோந்து பார்த்தேன். நான் பயந்த வாசனை இல்லை. சாம்பிராணி, தேன், வெட்டின மரம் எல்லாம் கலந்த மாதிரி ஒரு வாசனை. சாராயம் எங்கோ அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. நிறமும் கறுத்து, கொழகொழவென்று ஆகியிருந்தது.

"அது மாதிரியே இல்லீங்க."

"அதான் புள்ள. அத நெனச்சுத் தொறந்தேன். தொறந்தா கோயில் வாசம் அடிக்குது." அழுகைக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அந்தத் துவைகல்லில் அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் உடம்பெல்லாம் குழி வெட்டின மண். அப்படியே தோளில் சாய்ந்துகொண்டேன். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் வெளியில் அப்படி உட்கார்ந்ததில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அவர் குளித்து வந்ததும், இருட்டுவதற்கு முன்னாலேயே அதை வடிகட்டிவிட்டோம். என் பழைய வாயில் சேலைத் துண்டை அவர் பிடித்துக்கொள்ள, நான் ஊற்றினேன். இன்னும் ஊறட்டும் என்று அந்தப் போதனாசிரியைப் பிள்ளை சொல்லியிருப்பாள். எங்களுக்கு அவ்வளவு போதும் என்று இருந்தது. வாளித் தண்ணீரில் கொஞ்சம் விட்டதும் பால் மாதிரி வெளுத்துப் பரவியது. "ஒன் பிள்ளைக்காம்பராப் பாலு" என்றார். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற கேனைத் தொடவில்லை. பெரகலையில் வாங்கிய சின்னக் கைப் பம்பினால், மொட்டைப் பந்தலில் மிச்சமிருந்த இலைக்கும், புதிதாக விட்ட துளிருக்கும், பிறகு பூவுக்கும் பிஞ்சுக்கும், மழை ஓய்கிற நேரமெல்லாம் அடித்தார்.

எல்லாக் காயும் தப்பிவிட்டது என்று சொன்னால் பொய். பொட்டு விழுந்த காய் அந்த முறையும் இருந்தது. ஆனால் வாசல் கூட்டும்போது விளக்குமாறு வெறும் இலையைக் கூட்டியது. பிசினால்தான் தப்பியதா, கவ்வாத்தினாலா, மழையே குறைந்துபோனதாலா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "மூணும் இருக்கலாம்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவளுக்கு ஒரு பை நிறையப் பழம் கொடுத்து அனுப்பினேன்.

இந்த வருசம் முனியாண்டி பூசை வந்தபோது போத்தலில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. நான் சேலையை மாற்றிக்கொண்டு மலை ஏறக் கிளம்பினேன்.

"நீ இரு" என்றார். "என் பங்கு. நானே வாங்கிட்டு வாறேன்."

வாசலில் பந்தலுக்குக் கீழே நின்றேன். பைப்படியில் பெண்கள் குடத்தை நிறைத்தும் போகாமல் நின்றார்கள். எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. மேலே மலையிலிருந்து ஆம்பளைகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

அவர் படிக்கட்டில் இறங்கி வருவது தெரிந்தது. தனியாக வந்தார். இரண்டு கையாலும் ஒரு டம்ளரைப் பிடித்திருந்தார். பூசாரி மாமா விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தார் போல. கால் பார்த்துக் கால் வைத்து, பாலாடை பிடித்துக் குழந்தைக்குப் பால் புகட்டப் போகிறவர் மாதிரி, கண்ணை டம்ளரிலிருந்து எடுக்காமல் லயத்தைத் தாண்டி வந்தார். வந்து, எனக்கு முன்னால் நின்றார்.

"பிடி. சிந்திடப் போகுது."

வாங்கிக்கொண்டேன். அவர் பைப்படிக்குப் போனார். பெண்கள் விலகி வழி விட்டார்கள். பைப்பைத் திறந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கையில பட்டுருச்சு" என்றார். "சோப்பக் குடு."